கஜானா இல்லாத காங்கிரஸ்

சனிக்கிழமை – யார்க், பென்சில்வேனியா

நியூஜெர்சியில் மகள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியெல்லாம் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. யார்க் என்றதும் மாப்பிள்ளைக்கு ஹார்லி டேவிட்சன் தொழிற்சாலைதான் ஞாபகம் வந்தது. "மாமா, பைக் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். நான் வந்தது 1777-க்காக. எட்டாம் வகுப்புப் பேத்தியின் சரித்திரப் புத்தகத்தை இங்கே வந்ததிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டே பக்கத்தில் முடித்துவிட்ட ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. வரி போட அதிகாரமே இல்லாமல் அமெரிக்காவின் முதல் தேசிய அரசு எட்டு வருஷம் ஓடியிருக்கிறது! வேலைக்காலம் முழுக்க வணிகவரித் துறையில் கழித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவே, 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்தது. அங்கே கூடிக்கொண்டிருந்த காங்கிரஸ், அதாவது பதின்மூன்று மாநிலங்களின் பிரதிநிதிகள் சபை, மூட்டை கட்டிக்கொண்டு லான்காஸ்டரில் ஒரே ஒரு நாள் கூடிவிட்டு, சஸ்குவஹானா ஆற்றைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த ஜூன் வரை யார்க்தான் தலைநகர். நவம்பர் 15 அன்று இங்கிருந்த கோர்ட் கட்டடத்தில் நாட்டின் முதல் சாசனமான கூட்டமைப்பு ஷரத்துகளை நிறைவேற்றினார்கள். அந்தக் கட்டடத்தை 1841-ல் இடித்துவிட்டார்கள். கோடோரஸ் ஓடைக்கரையில் இப்போது நிற்கும் செங்கல் கட்டடம் 1970-களில் கட்டிய நகல். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஷரத்துகளை வண்டியில் வரும்போதே போனில் படித்து முடித்தேன். எட்டாவது ஷரத்தில் நின்றுவிட்டேன். பொதுக் கஜானாவுக்கு வேண்டிய பணத்தை, அந்தந்த மாநிலத்து நிலங்களின் மதிப்புக்கு ஏற்றபடி மாநிலங்கள் தர வேண்டும். அதற்கான வரியை விதிப்பதும் தண்டுவதும் மாநிலச் சட்டசபையின் வேலை. தராவிட்டால்? அதற்குப் பதில் எந்த ஷரத்திலும் இல்லை. தலைக்கட்டு வரி எழுதிவிட்டு, கொடுக்காத வீட்டு வாசலில் போய் நிற்கக்கூட அதிகாரமில்லாத கோயில் கமிட்டி மாதிரிதான் அந்தக் காங்கிரஸ்.

மற்றதும் அதே அழகு. பெரிய மாநிலமானாலும் சின்ன மாநிலமானாலும் ஒரு ஓட்டு. யுத்தம், உடன்படிக்கை, கடன் போன்ற முக்கியமான எதற்கும் பதின்மூன்றில் ஒன்பது மாநிலம் சம்மதிக்க வேண்டும். ஷரத்தைத் திருத்த எல்லா மாநிலமும் ஒப்ப வேண்டும். ஜனாதிபதி இல்லை, தேசிய நீதிமன்றம் இல்லை. பிரிட்டிஷ் ராஜாவின் கையில் அடிபட்டவர்கள் இன்னொரு ராஜாவை உண்டாக்கிவிடக் கூடாதென்று பயந்து எழுதியது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கும் மேரிலாந்து கையெழுத்துப் போட 1781 மார்ச் 1 வரை ஆனது. மேற்கே இருந்த காலி நிலத்தை வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்த யார்க் வேறு, யார்க்டவுன் வேறு. அது வர்ஜீனியாவில், 1781-ல் கார்ன்வாலிஸின் படை சரணடைந்த இடம். அதே கார்ன்வாலிஸ்தான் ஐந்து வருஷம் கழித்துக் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். திப்புவோடு சண்டை, வங்காளத்தில் நிரந்தர நிலவரி எல்லாம் அவர் காலம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை – அனாபலிஸ், மேரிலாந்து

பால்டிமோர் வழியாக ஒன்றரை மணி நேரம். கடல்வாசனை அடிக்கும் சின்ன ஊர். செங்கல் பாவிய தெருக்கள் எல்லாம் மேட்டிலிருக்கும் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தைப் பார்த்து ஏறுகின்றன. 1772-ல் தொடங்கிய கட்டடம், இன்றும் சட்டசபை இதில்தான் கூடுகிறது. மேலே இருக்கும் கூம்பு மாடம் முழுக்க மரம். வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், டிக்கெட் இல்லை.

பழைய செனட் அறைக்குள் ஆளுயர வெண்கல வாஷிங்டன் கையில் காகிதத்தோடு நிற்கிறார். 1783 டிசம்பர் 23 அன்று இதே அறையில் தளபதிப் பதவியைக் காங்கிரஸிடம் திருப்பிக் கொடுத்தார். படை கையிலிருக்கும் ஒருவர் தானாகப் பதவியை விட்டுப் போவது அந்தக் காலத்தில் ஊர் உலகத்தில் நடக்காத காரியம். அறையின் பார்வையாளர் மாடத்தில் ஒரு பெண் சிலை. பெயர் மாலி ரிடவுட். பெண்களுக்குக் கீழே இடமில்லை என்பதால் மேலே நின்று பார்த்தவர். என் மனைவி அந்தச் சிலையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

வாஷிங்டன் யாரிடம் பதவியைக் கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை. அன்று அறையில் இருந்தது ஏழு மாநிலப் பிரதிநிதிகள் மட்டும். பிரிட்டனோடு பாரிஸில் எழுதிய சமாதான உடன்படிக்கை மேசைமேல் கிடக்கிறது. எட்டு வருஷச் சண்டையின் பலன். அதை ஏற்க ஒன்பது மாநிலம் வேண்டும். 1784 மார்ச் 3-க்குள் ஒப்புதல் கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்று கெடு. ஆள் வரவில்லை! பின்னாளில் ஜனாதிபதியான ஜெஃபர்சன் அந்தச் சபையில் இருந்து தவித்தார். தென் கரோலினா உறுப்பினர் ஒருவர் பிலடெல்பியாவில் காய்ச்சலோடு படுத்திருக்க, சபையே அவர் கட்டிலருகே போய்க் கூடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். கடைசியில் கனெக்டிகட் ஆட்கள் வந்தார்கள், அந்த நோயாளியும் எழுந்து வந்தார், ஜனவரி 14 அன்று ஒப்புதல் ஆனது. பனிக்காலக் கடலில் கப்பல் தாமதமாகி, கெடு தாண்டித்தான் காகிதம் போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டது. சொந்தச் சுதந்திரத்துக்கு ரசீது வாங்கக் கோரம் தேறாத சபை.

பணத்துக்கு வருவோம். 1782 செலவுக்குக் காங்கிரஸ் மாநிலங்களிடம் 80 லட்சம் டாலர் கேட்டது. அந்த வருஷத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. நோட்டு அடித்துப் பார்த்திருந்தார்கள். 1780-லேயே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே அறிவிக்கும்படி ஆகிவிட்டது. சரி, இறக்குமதிக்கு மட்டும் 5 சதவீதம் சுங்கம் போட அனுமதியுங்கள் என்று கெஞ்சியது. ரோட் ஐலண்ட் ஒரே மாநிலம் மறுத்தது, திட்டம் செத்தது. 1783-ல் திருத்திக் கேட்டார்கள். மூன்று வருஷம் இழுத்து, இந்த முறை நியூயார்க் கொன்றது. நியூயார்க்குக்குத் தன் துறைமுகச் சுங்கமே பெரிய வருமானம், அதை யார் விடுவார்கள்? அக்கம்பக்கத்து நியூஜெர்சிக்காரர்கள் வாங்கும் சரக்கும் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் வரும், அவர்கள் கொடுக்கும் விலையிலும் நியூயார்க்கின் வரி இருக்கும். கடுப்பான நியூஜெர்சி 1786 பிப்ரவரியில், நியூயார்க் வழிக்கு வரும்வரை காங்கிரஸுக்கு ஒரு காசு தர மாட்டோம் என்று தீர்மானமே போட்டது. தன் கரையில் நியூயார்க்குக்குச் சொந்தமாக இருந்த சாண்டி ஹூக் கலங்கரை விளக்கத்துக்கும் வரி போட்டது. அந்த விளக்கம் இன்னும் எரிகிறது; மாப்பிள்ளை வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். நான் அந்த வரியை ரசித்தேன். வட்டார அளவில் வேலை பார்த்த எந்த அதிகாரியும் ரசிப்பான்.

வெளியிலும் மரியாதை இல்லை. உடன்படிக்கைப்படி காலி செய்ய வேண்டிய நயாகரா, டெட்ராய்ட் கோட்டைகளில் பிரிட்டிஷ் படை உட்கார்ந்தே இருந்தது. எங்கள் வியாபாரிகளுக்கு உங்கள் ஆட்கள் தர வேண்டிய கடனைத் தரவில்லையே என்றது. மிசிசிப்பியில் அமெரிக்கப் படகுகளை ஸ்பெயின் மறித்தது. 1785-ல் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் இரண்டு கப்பலைப் பிடித்து மாலுமிகளைச் சிறை வைத்தார்கள். மீட்கப் பணமில்லை, அனுப்பக் கடற்படையும் இல்லை.

சட்டசபையிலிருந்து இறங்கி கான்டூயிட் தெருப் பக்கம் நடந்தோம். இங்கே மான் என்பவரின் விடுதி இருந்தது, இப்போது இல்லை. 1786 செப்டம்பரில், மாநிலங்களுக்குள் வியாபாரத் தகராறைத் தீர்க்கலாம் என்று கூட்டம் கூப்பிட்டார்கள். வந்தது ஐந்து மாநிலம், பன்னிரண்டு பேர். கூட்டம் நடந்த மேரிலாந்திலிருந்தே ஒருவரும் வரவில்லை! ஆனால் வந்த பன்னிரண்டில் பின்னாளில் ஜனாதிபதியான மேடிசன் இருந்தார், முதல் நிதியமைச்சரான ஹாமில்டன் இருந்தார். நாலே நாளில் கூட்டத்தை முடித்து, வியாபாரம் மட்டுமல்ல, மொத்த அமைப்பையும் பார்க்க வேண்டும், அடுத்த மே மாதம் இரண்டாம் திங்கள் எல்லாரும் பிலடெல்பியா வாருங்கள் என்று ஓர் அறிக்கை அனுப்பினார்கள். எழுதியது ஹாமில்டன். தோற்றுப்போன கூட்டத்தின் மினிட்ஸை இவ்வளவு சாமர்த்தியமாக எழுதியவரை நான் பார்த்ததில்லை.

மதியம் நண்டு வடை. மேரிலாந்து நண்டுக்குப் பேர்போனது. மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நம் கடலூர்ப் பக்கத்தைத் தொட்டிருக்கும்.

திங்கட்கிழமை – பிரின்ஸ்டன், திரும்பும் வழியில்

ஒரு மணி நேரம்தான் நின்றோம். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான நாசோ ஹால் வாசலில் இரண்டு வெண்கலப் புலிகள். பேத்திக்கு அதில் ஏறி உட்கார வேண்டும், உட்கார்ந்தாள்.

1783-ல் காங்கிரஸ் ஓடி ஒளிந்த இடம் இது. அந்த ஜூன் மாதம், சம்பள பாக்கி வராத ஏறக்குறைய 400 சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் இருந்த கட்டடத்தை வளைத்துக்கொண்டார்கள். காங்கிரஸிடம் தன்னைக் காக்கப் படை இல்லை. பென்சில்வேனியா மாநில அரசிடம் காவல் படை கேட்டது. மாநிலம் யோசித்து, முடியாது என்றது. அன்றைய மாநிலத் தலைவர் ஜான் டிக்கின்சன், ஷரத்துகளின் முதல் வரைவை எழுதியவர்! தேசிய அரசு இரவோடிரவாக இந்தக் கல்லூரி ஊருக்குக் கிளம்பியது. பிறகு அனாபலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று வாடகை வீடு மாறியபடியே இருந்தது. சிப்பாய்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. சண்டை போட்டவனுக்குக் கூலி வேண்டாமா?

வெள்ளிக்கிழமை – ஸ்பிரிங்ஃபீல்டும் பெல்ஹாமும், மாசசூசெட்ஸ்

மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, மகள் ஓட்டினாள். கனெக்டிகட் முழுக்க மரங்கள் சிவந்திருந்தன. அப்பா, ரோட்டைப் பாருங்க, காட்டைப் பாருங்க, போனை வைங்க என்று மூன்று தடவை சொன்னாள்.

ஸ்பிரிங்ஃபீல்டில் மேட்டுமேல் பழைய ஆயுதசாலை இருக்கிறது. இப்போது தேசிய அருங்காட்சியகம். வளாகத்தின் மறுபாதியில் ஒரு கல்லூரி. உள்ளே வரிசை வரிசையாகத் துப்பாக்கி. எனக்குத் துப்பாக்கியில் ஆர்வமில்லை. 1787 ஜனவரி 25 அன்று பனி மூடிக்கிடந்த இந்த மேட்டை நோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் நடந்து வந்தார்களே, அந்தப் பாதை எந்தப் பக்கம் என்றுதான் பார்க்க வந்தேன்.

அவர்கள் கதையை என்னால் அலுவலக மொழியிலேயே சொல்ல முடியும். மாசசூசெட்ஸ் மாநிலம் யுத்தக் கடனை வட்டியோடு அடைக்க முடிவு செய்து நிலத்துக்கும் தலைக்கும் வரியை ஏற்றியது. அதை வெள்ளிக்காசாகக் கட்டச் சொன்னது. மேற்கு மாவட்டத்து விவசாயியிடம் மாடு இருக்கும், தானியம் இருக்கும், காசு இருக்காது. நிலுவை விழுந்தது, நோட்டீஸ் வந்தது, ஜப்தி வந்தது, நிலம் ஏலத்துக்குப் போனது, கடனாளி ஜெயிலுக்குப் போனான். இதில் கொடுமை, அந்தக் கடன் பத்திரங்களில் கணிசமானவை ஒரு காலத்தில் இவர்கள் கையிலேயே இருந்தவை. படையில் சம்பளத்துக்குப் பதில் கொடுத்த காகிதத்தைப் பசிக்காக அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கி வைத்த பாஸ்டன் பணக்காரனுக்கு முழு மதிப்பில் பணம் போக, விற்றவனே வரி கட்ட வேண்டும்.

1786 ஆகஸ்டில் நார்த்தாம்டன் கோர்ட்டை உட்காரவிடாமல் மறித்தார்கள். கோர்ட் நடக்காவிட்டால் ஜப்தி உத்தரவு இல்லை, கணக்கு அவ்வளவுதான். தொப்பியில் ஹெம்லாக் மரக் கொத்துச் செருகிக்கொண்டார்கள். தலைவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், யுத்தத்தில் கேப்டனாக இருந்தவர். அமெரிக்கர்களோடு சேர்ந்து சண்டை போட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அன்பளிப்பாகக் கொடுத்த வாளைக் கஷ்டத்துக்கு விற்றவர்.

ஆயுதசாலை காங்கிரஸுக்குச் சொந்தம், காவலுக்குக் காங்கிரஸிடம் ஆள் இல்லை. படை திரட்டத் தீர்மானம் போட்டது, வடமேற்குப் பழங்குடிகளை எதிர்க்க என்று சாக்கு எழுதி. வழக்கம்போலப் பணம் தேறவில்லை. மாநில ஆளுநர் போடன், பாஸ்டன் வியாபாரிகளிடம் கைக்காசு வாங்கித் தனிப்படை திரட்டினார். அந்தப் படை வந்து சேருமுன், உள்ளூர் ஜெனரல் ஷெப்பர்ட் ஆயுதசாலைத் துப்பாக்கிகளை அனுமதியில்லாமலே எடுத்துத் தன் ஆட்களிடம் கொடுத்து மேட்டில் நின்றார். மறுபக்கத்திலிருந்து இன்னொரு கலகத் தலைவர் லூக் டே தன் ஆட்களோடு வர வேண்டியது. நாளைக்குத்தான் வர முடியும் என்று அவர் அனுப்பிய சீட்டு வழியில் பிடிபட்டுவிட்டது. தெரியாமல் ஷேஸ் தனியாக வந்தார். முதலில் தலைக்கு மேலே சுட்டார்கள், பிறகு நேராகப் பீரங்கி. நாலு பேர் செத்தார்கள், மற்றவர்கள் சிதறினார்கள். பிப்ரவரி 4 விடியலில் பீட்டர்ஷாமில் மிச்சமும் முடிந்தது.

அங்கிருந்து ஷேஸின் ஊரான பெல்ஹாமுக்குப் போனோம். மலைச்சரிவில் வீடுகள் தள்ளித்தள்ளி. 1743-ல் கட்டிய ஊர் மன்றம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஊரைக் கடக்கும் 202-ஆம் எண் நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்து மகள் வண்டியை ஓரங்கட்டினாள். டேனியல் ஷேஸ் நெடுஞ்சாலை! கலகக்காரன் பெயரிலேயே அரசாங்க ரோடு. ஷேஸுக்கு 1788-ல் மன்னிப்புக் கிடைத்தது. போடன் அடுத்த தேர்தலிலேயே தோற்றார்.

வாஷிங்டன் தன் பண்ணையான மவுண்ட் வெர்னானில் இருந்து கடிதங்களில் இந்தச் செய்திகளைப் படித்து அதிர்ந்துபோனார். பாரிஸில் இருந்த ஜெஃபர்சன், அவ்வப்போது சின்னக் கலகம் நல்லதுதான் என்று மேடிசனுக்கு எழுதினார். ஆனால் பிலடெல்பியாவுக்குப் போக யோசித்துக்கொண்டிருந்த சொத்துக்காரர்களுக்கு இது பயணச்சீட்டு. ஷேஸ் நடந்திராவிட்டால் அந்த மாநாட்டுக்கும் அனாபலிஸ் கதிதான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை – பிலடெல்பியா

குடும்பமே வந்தது. சுதந்திர மண்டபத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவுக்கு ஆளுக்கு ஒரு டாலர். வனத்துறைக்காரர் போலத் தொப்பி வைத்த ரேஞ்சர் கூட்டிப் போனார். பச்சைத் துணி விரித்த மேசைகள், எதிரே வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி. அறை இவ்வளவு சின்னதா என்று மாப்பிள்ளை கேட்டார்.

அனாபலிஸ் அறிக்கை கூப்பிட்ட மாநாடு இந்த அறையில்தான் நடந்தது; 1787 மே 25-ல்தான் கோரம் தேறியது. செப்டம்பர் 17 வரை, கோடையிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினார்கள். ரோட் ஐலண்ட் வரவே இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் வழிச்செலவுக்குப் பணம் ஒதுக்காததால் ஜூலை பிற்பகுதியில், பிரதிநிதி ஒருவரின் சொந்தக் காசில் வந்து சேர்ந்தார்கள். காங்கிரஸ் கொடுத்த உத்தரவு ஷரத்துகளைத் திருத்த மட்டும். இவர்கள் அவற்றை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். எல்லா மாநிலமும் ஒப்ப வேண்டும் என்ற விதியையும், ஒன்பது போதும் என்று தாங்களே மாற்றினார்கள். நியூயார்க்கின் இரண்டு பேர் இது அத்துமீறல் என்று பாதியில் எழுந்து போனார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரி.

நான் பேத்திக்குக் காட்ட நினைத்தது ஒரு பின்னம். ஐந்தில் மூன்று. அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்றாக எண்ணி மாநிலத்துக்குப் பிரதிநிதிகளை ஒதுக்கிய கணக்கு. அது இந்த அறையில் பிறந்ததில்லை. 1783-ல் காங்கிரஸில் வரிப் பங்கை நில மதிப்புக்குப் பதில் தலைக்கணக்கில் பிரிக்கலாம் என்று பேச்சு வந்தபோது வந்தது. அப்போது தெற்கு மாநிலங்கள், அடிமைகளைக் குறைத்து எண்ணுங்கள் என்றன. எண்ணிக்கை ஏறினால் வரி ஏறும். வடக்கு, கூட்டி எண்ணு என்றது. பேரம் பேசி மேடிசனின் ஐந்தில் மூன்றுக்கு வந்தார்கள், அந்தத் திருத்தம் நிறைவேறவில்லை. நாலு வருஷம் கழித்து இங்கே கேள்வி பிரதிநிதி எண்ணிக்கை. இப்போது தெற்கு முழுசாக எண்ணச் சொன்னது, வடக்கு எண்ணவே கூடாது என்றது! இரண்டு பக்கமும் இடம் மாறி உட்கார்ந்தன, பின்னம் மட்டும் அப்படியே இருந்தது.

"அவங்களுக்கு ஓட்டு இருந்துச்சா தாத்தா?"

"இல்லம்மா. அவங்க பேர்ல எஜமானருக்குத்தான் கூடுதல் சீட்டு."

"அப்ப வரிக் கணக்கிலேயே விட்டிருக்கலாம்" என்றாள். ரேஞ்சர் திரும்பிப் பார்த்தார். அவள் இங்கிலீஷிலும் அதைச் சொல்லியிருந்தாள்.

பக்கத்தில் தேசிய அரசியலமைப்பு மையத்தில் 42 வெண்கல ஆட்கள் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். கையெழுத்துப் போட்ட 39 பேரும், கடைசிவரை இருந்து மறுத்த மூன்று பேரும். மறுத்தவர்கள் மேசன், ராண்டால்ஃப், ஜெரி. மேசனுக்குப் பெரிய குறை, உரிமைகள் சாசனம் இல்லையே என்பது. அது 1791-ல் திருத்தங்களாக வந்தது. புதிய சாசனம் மாசசூசெட்ஸில் 187-க்கு 168 என்று மயிரிழையில் நிறைவேறியது. ஷேஸின் மேற்கு மாவட்டங்கள் பெரும்பாலும் எதிர்த்தன. ஒன்பதாவது மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர், 1788 ஜூன் 21. ரோட் ஐலண்ட் 1790-ல், 34-க்கு 32.

புதிய சாசனத்தில் காங்கிரஸின் அதிகாரப் பட்டியலில் முதல் வரி எது தெரியுமா? வரி விதிக்கவும் தண்டவும் அதிகாரம். எட்டாவது ஷரத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. 1789 ஜூலை 4 அன்று வாஷிங்டன் இறக்குமதிச் சுங்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களின் யுத்தக் கடனை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதும் மாசசூசெட்ஸ் விவசாயியின் நிலவரிச் சுமை இறங்கியது. ஷேஸ் கேட்டதில் ஒரு பகுதி, அவர் எதிராளிகளின் கையாலேயே நடந்தது. பத்திரத்தை விற்ற சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவனுக்கும் பங்கு கொடுக்கலாம் என்ற மேடிசனின் யோசனை தோற்றது.

"அதுக்கப்புறம் எல்லாரும் ஒழுங்கா வரி கட்டினாங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை, சீஸ்ஸ்டேக் கடை வரிசையில்.

எங்கே! 1791-ல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். பென்சில்வேனியாவின் மேற்கே, பிட்ஸ்பர்க் பக்கத்து விவசாயிகள் அதிகாரிகளுக்குத் தார் பூசி அனுப்பினார்கள். 1794-ல் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையை வாஷிங்டனே கூட்டிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை பணமும் இருந்தது, படையும் இருந்தது. பிட்ஸ்பர்க் இங்கிருந்து ஐந்து மணி நேரம், அங்கே வெங்கடேஸ்வரர் கோயிலும் உண்டு என்று சொல்லி மனைவியை என் பக்கம் இழுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை லீவுக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.